மண்ணிறம் தெரிகிற கமெரா

02.03.2004 செவ்வாய்

வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது. கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. முன்பெல்லாம் இப்படிக் கடலைக் கண்டால் கால் நிலத்தில் நிற்காது. இப்போது எரிச்சல்தான் வருகிறது. மார்கழியில் இப்படி இருந்திருக்கக் கூடாதா?

இஞ்சின் பிளக் மாற்ற வேண்டும். அக்காவின் குசினிக் கூரைக்குக் கிடுகு. காது மருந்து முடிந்தது.

பெரியம்மாவின் மகன் றெஜி பிரான்சில் இருந்து வந்து நிற்கிறான். இந்தியா வழியாக வந்தவன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கமெரா, பிலிம் இல்லை. எடுத்த கையோடு பின்னால் உள்ள சின்னக் கண்ணாடியில் படம் தெரிகிறது. ஒரு பொத்தானை அமர்த்த அமர்த்தப் படம் பெரிசாகிறது. கோயிலடியில் எல்லாருக்கும் தங்கள் தங்கள் முகத்தைப் பார்க்கிற அவசரம். அக்காவுக்கு மட்டும் வேறு அவசரம். றெஜியிடம் கமெராவை வாங்கி, சென்னை ஸ்ரேசனில் அவன் எடுத்த சனக்கூட்டத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துக்கொண்டு நின்றா. பற்றரி செத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தா. தன்ரை மனுசனின் முகத்தைத் தேடுறா என்று கோயிலடியில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு நான் றெஜியிடம் தனியக் கேட்டேன்.

"தண்ணிக்குள்ளை எடுக்குமோ?"

"இது எடுக்காது. சுழியோடுற ஆக்களுக்கெண்டு வேறை இருக்கு. ஏன், உமக்கென்னத்துக்கு?"

"சும்மா."

பின்னேரம் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னா, உயிர்த்த ஞாயிறு முடிய இந்தியாவுக்குப் போறாவாம். மன்னாரில் இருந்து கள்ளத்தோணி. ஆளோடு கதைத்துவிட்டாவாம். கடைக்குப் போய்விட்டு வாறன் என்கிற குரலில் சொன்னா.

04.03 வியாழன்

வெயில். அக்காவோடு சண்டை. அதே சண்டை. இதை எழுதி வைத்தால் நாளைக்குத் திருப்பி வாசித்துக் காட்டலாம், தொண்டையாவது மிஞ்சும்.

"படகு தாண்டால் ஆளும் தாழவேணுமோ? அந்தாள் என்ன நீந்தத் தெரியாத ஆளோ?"

"நான் கண்ணாலை கண்டனான் அக்கா. அணியத்து வளையத்திலை உத்தரியம் கிடக்கு."

"தொட்டுப் பாத்தனியோ?"

"தொட்டால் நீங்கள் விடுவியளோ?"

"அப்ப என்னத்தைக் கண்டனி."

இங்கே சங்கு குளிக்கிற எல்லாருக்கும் உள்ள வழக்கம் இது. இறங்க முன் கழுத்தில் உள்ள உத்தரியத்தைக் கழற்றுவோம். இரண்டு துண்டு மண்ணிறச் சீலை, ஒரு கயிறு, மாதாவின் பேரில் மந்திரித்தது. அதைப் படகின் முன் அணியத்து இரும்பு வளையத்தில் கட்டிவிட்டுத்தான் குதிக்கிறது. ஏறினதும், ஒரு மிடறு தண்ணி குடிக்க முன், அதை அவிழ்த்துக் கழுத்தில் போடுகிறது. வளையத்தில் கிடந்தால் ஆள் கீழே. கழுத்தில் கிடந்தால் ஆள் மேலே. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் கீழே நிற்கிறவன் ஏறமாட்டான். சுவாமி இதை மூடநம்பிக்கை என்று பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். அவர் கடலில் முழங்கால் மட்டும்தான் இறங்கியவர்.

மார்கழியில் எனக்குக் காது பழுத்திருந்தது. அக்காவின் மனுசன், அத்தான், சங்கு குளிக்கத் தனியப் போனார். மத்தியானம் காற்று எழும்பியது. படகும் இல்லை, ஆளும் இல்லை. போன மாதம் மரியதாஸ் அண்ணையின் வலை கீழே எதிலோ கொழுவியது. இறங்கினது நான். ஐந்து பாகத்தில், முப்பதடி ஆழத்தில், அத்தானின் படகு, பாதி மணலுக்குள். நீலம், வெள்ளைக் கோடு, நான் பூசின பெயின்ற். நங்கூரக் கயிறு இறுகினபடி. அணியத்து வளையத்தில் மண்ணிறம் போல ஒன்று ஆடியது. கையை நீட்டினேன். மடக்கினேன். மூச்சு முடிந்தது.

அதாவது, அவர் படகுக்குத் திரும்பி ஏறவே இல்லை. ஆளில்லாத படகுதான் நங்கூரத்தில் நின்று, காற்றில் தண்ணி நிரம்பித் தாழ்ந்தது. இதைவிட எப்படிச் சொல்வது?

ஆனால் சரவணை ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்திருக்கிறான். அங்கே அத்தான் மாதிரி ஒருவரைக் கண்டானாம். மாதிரி. இந்த மாதிரியை வைத்துக்கொண்டு அக்கா கடல் கடக்கப் போறா. படகைத் தூக்கிப் பார்ப்போம் என்றால் அதற்கும் விடமாட்டா. தூக்குகிற இழுவையில் அணியம் பிய்ந்தால் உத்தரியத்தில் வேறு கை பட்ட மாதிரித்தானாம். உத்தரியம் இல்லை என்று சொல்லுகிறதும் அவதான், அதைத் தொடாதே என்கிறதும் அவதான்.

படம்தான் வழி. தொடாமல் கொண்டுவரக்கூடியது படம் ஒன்றுதான்.

07.03 ஞாயிறு

தவக்காலப் பூசை. கவனம் இல்லை. பிரசங்கம் முழுக்கக் கமெராதான்.

எங்கோ ஒரு நாட்டில் குளிரூட்டின அறைக்குள் இருந்து ஒருத்தன் சுழியோடிகளுக்குக் கமெரா செய்கிறான். அவனை ஒருநாள் எங்கள் கடலுக்குள் தலையைப் பிடித்து அமர்த்த வேண்டும். பிறகு செய்யட்டும்.

முதலில் ஒரு கையால் எடுக்கக்கூடியதாய் இருக்க வேண்டும். மற்றக் கை எதையாவது பிடித்துக்கொண்டு இருக்கும், இல்லாவிட்டால் நீரோட்டம் ஆளைக் கொண்டுபோய்விடும். றெஜியின் கமெராப் பொத்தான் அரிசிமணி அளவு. தண்ணிக்குள் ஊறின விரலுக்கு அது தெரியாது. ஐந்து ரூபாக் குத்திக் காசு அளவில் ஒரு பொத்தான், அமர்த்தினால் அமர்ந்தது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற வேலையே இருக்கக் கூடாது, சுழியோடுகிற முகக்கண்ணாடி போட்டவன் எப்படிக் கண்ணை வைக்கிறது? பாரம் தண்ணியின் பாரமாய் இருக்க வேண்டும். விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், மிதக்கவும் கூடாது தாழவும் கூடாது.

அமர்த்தின உடனே எடுக்க வேண்டும். றெஜியினது அமர்த்தினால் யோசித்துத்தான் எடுக்கிறது. அது யோசிக்கிற நேரத்தில் ஒரு மீன் நெடுந்தீவுக்குப் போய்விடும்.

வெளிச்சம் கமெராவில் இருந்து நேரே போகக் கூடாது. கலங்கல் தண்ணியில் ரோச் லைற்றை நேரே அடித்தால் தூள்தான் வெள்ளையாய்த் தெரியும், பொருள் தெரியாது. பக்கத்தில் ஒரு கை நீட்டி, அந்தக் கையில் இருந்து சாய்ந்து விழ வேண்டும். நண்டின் கண் மாதிரி.

எல்லாத்திலும் பெரிய விசயம் நிறம். இரண்டு மூன்று பாகத்துக்குக் கீழே சிவப்புச் செத்துவிடும். கை வெட்டுப்பட்டால் வருகிற இரத்தம்கூடப் பச்சை. மண்ணிறமும் கடும் பச்சையும் ஒன்றாகிவிடும். எனக்கு மண்ணிறம் மண்ணிறமாய் விழவேண்டும். அது போதும். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் செய்து தந்தாலும் கும்பிடுவேன்.

பூசை முடிந்து அக்கா கேட்டா, "என்ன, விசுவாசப் பிரமாணத்துக்கும் எழும்பாமல் இருந்தனி?" காது கேட்கவில்லை என்று சொன்னேன். பாதி உண்மை.

10.03 புதன்

யாழ். போனேன். பஸ்ஸில் வேலணை வரைக்கும் நின்றுகொண்டு. பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணி, கீழே கிடக்கிற கல்லு ஒவ்வொன்றும் தெரிந்தது. எங்கள் ஐந்து பாகமும் இப்படி இருந்தால் கமெராவே தேவையில்லை, அக்காவைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் குனிந்து பாருங்கோ என்று சொல்லலாம்.

ஆசுப்பத்திரி. டொக்டர் இளம் ஆள்.

"வலது காதுச் சவ்வு ஓட்டை. இடதும் நல்லதாயில்லை. சங்கு குளிக்கிறனீரோ?"

"ஓம்."

"இனி விடும். இன்னும் இறங்கினால் காது கேளாமல் போறது மட்டுமில்லை, தலை சுத்தித் தண்ணிக்குள்ளை மேல் எது கீழ் எதெண்டு தெரியாமல் போகும். விளங்குதோ?"

"ஒரு இடம் மட்டும் பாக்க வேணும் டொக்டர். பிறகு விட்டிடுவன்."

அவர் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கமெராக் கடை. தண்ணிக்குள் எடுக்கிறது இருக்கிறதா என்றேன். முதலாளி சிரித்தார். "தம்பி, தண்ணி படாமல் வேலை செய்தாலே நாங்கள் இஞ்சை பூசை வைக்கிறம்." நல்ல மனுசன். தேத்தண்ணி வாங்கித் தந்தார். எனக்குத்தான் கடைக்குள் நின்று அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சீறுகிற மாதிரிச் சமாளித்தேன்.

13.03 சனி

றெஜியிடம் உண்மையைச் சொன்னேன். படகு, வளையம், அக்காவின் கள்ளத்தோணி, எல்லாம். அவன் கமெராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தராமல் இருக்கச் சாட்டுச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். பிரான்சுக்காரன்தானே.

"எனக்கு நீந்தப் பழக்கினது அத்தான்தான்," என்றான். "இறங்குதுறையிலை தூக்கிப் போட்டிட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டவர்."

கமெராவைத் தந்தான். தண்ணி போனால் போகட்டும் என்றான். அவனைப் பற்றி இந்தக் கொப்பியில் முன்னுக்கு எழுதினதுகளை வெட்டிவிட வேண்டும்.

பெட்டி செய்கிற யோசனை: சுழியோடுகிற முகக்கண்ணாடியே பாதிப் பெட்டிதானே. முன்னுக்குக் கண்ணாடி, சுற்றிவர றப்பர். பின்பக்கத்தை லொறி ரியூப் வெட்டி மூடி, பங்சர் சொலூசன் பூசி, கம்பியால் இறுக்கினால் சரி. ரியூப் மெல்லிசு, வெளியில் இருந்து பொத்தானை அமர்த்தலாம். பின்னால் உள்ள சின்னக் கண்ணாடிதான் மறைந்துவிடும். என்ன விழுகிறது என்று தெரியாமல் எடுக்க வேண்டும். பரவாயில்லை.

என் கண்ணாடி எனக்கு வேண்டும். அத்தானின் பழையது அலுமாரிக்கு மேல் கிடந்தது. கேட்டேன்.

"எடு. ஆனால் திருப்பி வை," அக்கா சொன்னா. "வந்து தேடுவார்."

15.03 திங்கள்

வெட்டினது பிழை, திருப்பி வெட்டினேன். சொலூசன் மணத்தில் தலையிடி. கமெரா இல்லாமல் கடதாசி ஒன்றை உள்ளே வைத்துக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினேன். ஈரம். இன்னொரு பூச்சு. திருப்பி இறக்கினேன். காய்ந்த கடதாசி! தனியக் கிணற்றடியில் நின்று கத்தினேன். பக்கத்து வளவு ஆச்சி எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டா.

மிதக்கிறது. வலை ஈயம் ஆறேழு கட்டினேன். இப்போது தாழ்கிறது. ஒன்றைக் கழற்றினேன். கொஞ்சம் மிதக்கிறது. விட்ட இடத்தில் நிற்கிறது மட்டும் இல்லை. அந்தக் குளிரூட்டின அறைக்காரனை நான் பேசினது பிழைதான், லேசான வேலை இல்லை.

மன்னார் ஆள் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பார்க்க ஏலாதாம், வாற கிழமையே தோணி விடுகிறானாம். அக்கா ஒரு சின்ன பாக்கில் உடுப்பு அடுக்குறா. அத்தானின் சேட்டும் சாறமும்கூட. அங்கே அவருக்கு மாற்ற உடுப்பு இராதாம்.

17.03 புதன்

மரியதாஸ் அண்ணையின் படகில் விடியப் போனோம். நேவி தந்த பாஸ் கரையோரத்துக்கு மட்டும்தான், தள்ளிப் போனால் நேவிப் படகு வரும், அதனால் அவர் வலை போடுகிற மாதிரிப் பாவனை. என் உத்தரியத்தை அவருடைய வளையத்தில் கட்டினேன். இறங்கினேன்.

மூன்று பாகத்தில் காதுக்குள் ஊசி. நாலில் ஊசி இல்லை, கத்தி. படகைக் கண்டேன். பொத்தானை அமர்த்தினேன், அமர்த்தினேன், அமர்த்தினேன். நீரோட்டம் பக்கத்துக்கு இழுத்தது. ஏறினேன். உத்தரியத்தைப் போட்டேன், தண்ணி குடித்தேன், குடித்ததையே சத்தி எடுத்தேன்.

கரைக்கு வந்து பார்த்தால் எல்லாம் பச்சை. பச்சைச் சுவர். ஒன்றில் என் பெருவிரல், மிகத் தெளிவாய், நகத்து அழுக்கு உட்பட.

மரியதாஸ் அண்ணை எட்டிப் பார்த்தார். "உந்த விரலைக் காட்டி நீ அக்காவை மறிக்கப் போறியோ?"

அக்கா போக இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. தலையணையில் இரத்தம். மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.

18.03 வியாழன்

படுத்திருக்கிறேன். கூரை சுற்றுகிறது. அக்கா மல்லித் தண்ணி கொண்டுவந்து வைத்தா. மன்னார் ஆள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறானாம், கூட்டிக்கொண்டு போக.

அத்தான் செத்துவிட்டார் என்று ஒருத்தியை நம்பவைக்க இவ்வளவு பாடு. என்னைப் பார்த்தால் எனக்கே வெறுக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் எனக்கென்ன வலிக்குமா? இருக்கட்டும் ஆண்டவரே, மண்டபத்தில் இருக்கட்டும், சிறையில் இருக்கட்டும். ஆனால் இல்லையே. இல்லாத ஆளைத் தேடி அவ தோணியில் ஏறினால் எனக்கு இரண்டு பேரும் இல்லை. அம்மா போனபிறகு என்னைப் பார்த்தது அவதான். அவவையும் கடலுக்குக் கொடுக்க என்னால் ஏலாது. ஏலாது, ஏலாது.

20.03 சனி

மரியதாஸ் அண்ணை மாட்டேன் என்றார். காலைப் பிடிக்காத குறை. "இதுதான் கடைசி. பிறகு என்ரை படகிலை உனக்கு இடமில்லை."

தண்ணி நல்ல தெளிவு. இந்த முறை நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய், கமெராவை வளையத்துக்கு ஒரு சாண் கிட்ட வைத்து, பிளாஷோடு அமர்த்தினேன். அது யோசிக்கிற வரைக்கும் ஆடாமல் நின்றேன். திருப்பி. திருப்பி. பிறகு காதுக்குள் என்னவோ வெடித்தது. மேல் எது கீழ் எது? டொக்டர் சொன்னது சரி. வாயில் இருந்து போன குமிழிகள் எந்தப் பக்கம் போகுது என்று பார்த்து அந்தப் பக்கம் போனேன்.

மரியதாஸ் அண்ணை தலைமயிரில் பிடித்துத் தூக்கினார். தண்ணி தந்தார், குடித்தேன். காதில் இருந்து வழிந்ததை அவர் தன் சாறத்தால் துடைத்தார்.

கரையில் கம்பியை வெட்டித் திறந்தேன். உள்ளே இரண்டு துளி ஈரம், கமெரா உயிரோடு. பச்சை, பச்சை, பச்சை. பிறகு ஒன்று. வளையம்! துருவோடு வளையம். அதில் இருந்து தொங்குகிற ஒன்று, இரண்டாய்ப் பிரிந்து, மண்ணிறமாய்.

சந்தோசப்பட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனால் சந்தோசம்தான். ஈரச் சாறத்தோடு ஓடினேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டு நின்றா. கையைத் துடைத்தா. கமெராவை வாங்கிக்கொண்டு, வெயிலுக்குப் படம் தெரியாது என்று குசினிக்குள் போனா. எனக்கு முதுகு காட்டி நின்றா. கனநேரம். பொத்தான் சத்தம் எனக்குக் கேட்காது, விரல் அசைவது மட்டும் தெரிந்தது.

"ஓம்," என்றா. "உத்தரியம்தான்."

நிலத்தில் இருந்துவிட்டா. நானும் இருந்தேன். அவ அழவில்லை. "சுவாமியிட்டைப் போய்ப் பூசைக்குச் சொல்லு," என்றா. "மன்னார் ஆளுக்கு நான் சொல்லி அனுப்பிறன். நான் வரேல்லையெண்டு."

கமெராவைத் திருப்பித் தந்தா. அணைக்காமல் தந்தா. படம் இனிப் பெரிசாக ஏலாத அளவுக்குப் பெரிசாகிக் கிடந்தது. ஓரம் பல்லுப் பல்லாய் இலை. இலைக்கடியில் சின்னச் சின்னக் குமிழ். கயிறு இல்லை. முடிச்சு இல்லை.

சாதாழை. கரையெல்லாம் கடற்பாசியாய் ஒதுங்குகிற, மாட்டுக்கும் போடாத சாதாழை.

21.03 ஞாயிறு

புழுக்கம். இடது காதால்தான் எல்லாம் கேட்கிறது.

சாதாழைக்குக் கீழே உத்தரியம் இருந்தாலும் இருக்கும். அதன் மேல் முளைத்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். போன மாதம் நான் கண்டதும் இதுதானோ? தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். மண்டபத்தில் ஒருவர் இருந்தாலும் இருப்பார். எனக்கு இனி ஒன்றும் தெரியாது. ஊரிலேயே நிச்சயமாய்ச் சொன்னவன் நான் ஒருத்தன்தான், இப்போது அந்த ஒருத்தனும் இல்லை.

பூசைக்கு முன் அக்காவிடம் போனேன். கறுப்புச் சேலை உடுத்துக்கொண்டு நின்றா. அம்மா செத்தபோது கட்டினது.

"அக்கா, அந்தப் படம். அது உத்தரியமில்லை. சாதாழை."

"எனக்குக் கண் தெரியும் தம்பி."

"பிறகேன் ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"உன்ரை தலையணை உறையைத் தோய்க்கிறதும் நான்தான்."

அவ சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. பாக்கில் இருந்த அத்தானின் சேட்டும் சாறமும் திரும்ப அலுமாரிக்குள். மடித்து, பூட்டி.

"விடிய இறங்குதுறைக்குப் போனனான்," என்றா. "மரியதாஸ் அண்ணையின்ரை வளையத்திலை உன்ரை உத்தரியம் நேற்றுக் கட்டினபடி கிடக்கு. போட மறந்திட்டாய். நான் தொடேல்லை. போய் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வா. பிறகு பூசைக்குப் போவம்."

போனேன். முடிச்சு உப்பில் இறுகிப்போய் இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.